தரைக்கு அடியில் ஓடும் பழைய கழிவுக் குழாய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு 1982-ல் கட்டியது. கொல்லைப் பக்கம் இந்திய முறைக் கழிவறை ஒன்று, நடுவில் படுக்கையறையை ஒட்டி வெஸ்டர்ன் கழிவறையோடு குளியலறை ஒன்று. இரண்டிலிருந்தும் தரைக்கு அடியில் ஸ்டோன்வேர் குழாய் ஓடி, கொல்லையிலுள்ள செப்டிக் டேங்கில் விழுகிறது. அடிக்கடி அடைக்கிறது. படுக்கையறை ஓரத்தில் மொசைக் தரை உள்வாங்கியிருக்கிறது. தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதால் இணைப்பு வாங்கப் போகிறோம். ‘கூடத்தை நேராக உடைத்து வாசலுக்குக் குழாய் கொண்டுபோய்விடலாம்’ என்கிறார் கொத்தனார். வீட்டின் ஒரு பக்கம் 3 அடிச் சந்து உண்டு. நடுக் குளியலறையின் வெளிச்சுவர் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: கூடத்தில் கை வைக்க வேண்டாம். சந்து இருக்கும்போது கழிவுக் குழாயை வீட்டுக்குள் ஓட்டுவது தேவையில்லாத வேலை. நாளைக்கு ஒரு அடைப்பு வந்தால் மறுபடியும் தரையைத்தான் பெயர்க்க வேண்டிவரும்.

முதலில் அந்த உள்வாங்கிய தரை. ஸ்டோன்வேர் குழாய் 2 அடி, இரண்டரை அடி, 3 அடித் துண்டுகளாக வரும். 2 அடித் துண்டு என்றால் 30 அடி நீளத்துக்குள் சுமார் 15 இணைப்பு. ஒவ்வொன்றும் சிமெண்ட் கலவை வைத்துப் பூசியது. மண் கொஞ்சம் இறங்கினாலே அந்தப் பூச்சு வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். தரைக்கு அடியிலிருக்கும் நிரப்பு மணல் குழாய்க்குள் இறங்கும். மேலே தரை அந்தரத்தில் நிற்கும். கொல்லைச் சேம்பரை, அதாவது குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டியை, திறந்து பாருங்கள். அடியில் மணல் தேங்கியிருந்தால் அது உங்கள் படுக்கையறை மணல்தான். இந்த நிலையில் ராடு விட்டு அடைப்பு எடுப்பது சில வாரங்களுக்குத்தான் தாங்கும்.

அடுத்தது மட்டம். குழாய் வாங்குவதற்கும், ஆள் பேசுவதற்கும் முன்னால் இதை முடித்துவிட வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வைத்து, கொல்லையிலிருந்து வாசல் கேட் வரை சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் தரை எவ்வளவு கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். தெரு இணைப்புக் குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்பதை மாநகராட்சிப் பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். தெரு மேன்ஹோலை நீங்களோ பிளம்பரோ திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது, விஷவாயு இருக்கும்.

கணக்கு எளிது. 160 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1 வாட்டம் (60 அடி ஓட்டத்துக்கு 1 அடி இறக்கம்), 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம். சந்து 50 அடி, வாசலில் 15 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65 அடி. 160 மி.மீ. போட்டால் 13 அங்குலம் இறக்கம் வேண்டும். 110 போட்டால் ஏறக்குறைய 20 அங்குலம். நீண்ட ஓட்டத்துக்குப் பெரிய குழாய் போடுவதில் இந்த லாபம் இருக்கிறது. கொல்லையில் குழாயின் மேல்முதுகு 1 அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். குழாய் விட்டத்தையும் சேர்த்தால் அடிமட்டம் தரையிலிருந்து 18 அங்குலத்தில் தொடங்கும். கேட் அருகே அது 31 அங்குலம். தெரு இணைப்பு 3 அடியோ அதற்கு மேலோ ஆழத்தில் இருந்தால் கவலையில்லை. 2 அடிதான் என்றால், 160 மி.மீ. குழாயை 100-க்கு 1 வாட்டம் வரை தளர்த்தலாம். அதற்கு 8 அங்குல இறக்கம் போதும். அப்போதும் 26 அங்குலம் வருகிறது. மீதி 2 அங்குலத்துக்குத் தொடக்கத்தில் மண்மூடியைக் குறைத்து, அந்தப் பகுதிக் குழாயைச் சுற்றி 4 அங்குலம் கான்கிரீட் போட்டுவிட வேண்டும். இவ்வளவு தளர்த்தினால் மட்டம் பார்ப்பதில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது. சந்தின் தரையும் வாசலும் ஒரே மட்டத்தில் இருப்பதாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. சாலையை உயர்த்தி உயர்த்தி வாசல் மேடாகிவிட்ட வீடுகளில் அந்த வித்தியாசத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி நடுக் கழிவறை. இப்போது இருப்பது எஸ்-ட்ராப் கோப்பையாக இருக்கும். கழிவு நேரே தரைக்குள் இறங்கும். அதைக் கழற்றிவிட்டு பி-ட்ராப் கோப்பை வையுங்கள். அதன் வாய் பின்பக்கமாக, முடிந்த தரையிலிருந்து சுமார் 18 செ.மீ. உயரத்தில் இருக்கும். எந்த மாடல் வாங்குகிறீர்களோ, அதன் அளவுத் தாளைப் பார்த்த பிறகே சுவரில் குறியுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவரில் கோர் கட்டிங் மெஷினால் 5 அங்குலத் துளை. வெளியே ஒரு டோர் பெண்ட் (திறந்து அடைப்பு எடுக்க மூடி உள்ள வளைவு), அங்கிருந்து கீழே சேம்பருக்கு. தரையில் ஒரு மொசைக் சில்லுகூடப் பெயராது. கோப்பை மட்டும் வெளிச்சுவரில் சாய வேண்டும். இப்போது வேறு சுவரில் இருந்தால் குளியலறைக்குள்ளேயே இடம் மாற்றுங்கள்.

குளிக்கும் தண்ணீர் போகும் நஹானி ட்ராப்பைத் தரைக்கு மேலே கொண்டுவர வழியில்லை. அதற்குக் குளியலறைக்குள் மட்டும் ட்ராப்பிலிருந்து வெளிச்சுவர் வரை உடைத்தால் போதும். குறைந்தது 50 மி.மீ. நீர்த்தடுப்பு உள்ள ட்ராப், 75 மி.மீ. குழாய். சுவருக்குக் கீழே பிளிந்த் பீம் (சுவரைத் தாங்கும் கம்பி போட்ட கான்கிரீட் பீம்) ஓடுகிறதா என்று வெளியே பூச்சைத் தட்டிப் பாருங்கள். பீம் இருந்தால் அதைத் துளைக்காமல் அதற்கு அடியில் போக வேண்டும். கம்பியை அறுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி மறைக்கும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். பீம் இல்லாமல் கருங்கல் கட்டடமாக இருந்தால், ஒரு கல்லைப் பெயர்த்து, குழாயைவிட ஓரளவு பெரிய குழாய்த் துண்டை உறையாக வைத்து அதன் வழியே விடுங்கள். சுவர் இறங்கினாலும் குழாய் நசுங்காது.

கொல்லைக் கழிவறைக்கு வேலை குறைவு. இந்திய முறைக் கோப்பையின் ட்ராப் தரைக்குக் கீழே சுமார் ஒன்றரை அடியில் வெளியேறும். வீட்டின் அடித்தளம் ஒன்றரை அடி உயரம் என்றால் அது கிட்டத்தட்ட வெளித் தரை மட்டம். கொல்லைச் சேம்பருக்கு நேராக இழுத்துவிடலாம்.

3 அடிச் சந்தில் இடிக்கப்போவது சேம்பர்தான். உள்ளளவு 2 அடிக்கு 2 அடி, 9 அங்குலச் சுவர் என்றால் வெளியளவு மூன்றரை அடி, சந்துக்குள் அடங்காது. ஒன்றரை அடி உள்ளளவில், நாலரை அங்குலச் சுவரோடு கட்டினால் வெளியளவு 2 அடி 3 அங்குலம். அல்லது ரெடிமேட் பி.வி.சி. சேம்பர் வாங்கிவிடுங்கள். கொல்லை மூலையில் ஒன்று, நடுக் குளியலறை எதிரில் ஒன்று, கேட்டுக்கு உள்ளே ஒன்று. குழாய் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சேம்பர் கட்டாயம். சேம்பரின் அடி தட்டையாக இருந்தால் அங்கேயே மலம் தங்கும். அரைவட்ட வாய்க்கால் எடுத்து, இருபுறமும் அதை நோக்கிச் சரிவு பூச வேண்டும். உள்ளே வரும் குழாய் வெளியேறும் குழாயைவிட ஓரிரு அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். அடுப்படித் தண்ணீர் நேரே சேம்பருக்கு வரக் கூடாது. கல்லி ட்ராப் (நாற்றம் திரும்பாதபடி தண்ணீர் தங்கி நிற்கும் வெளித் தொட்டி) வைத்து அதற்குப் பிறகு சேர்க்கவும். இல்லையேல் கரப்பானும் நாற்றமும் அடுப்படிக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

பள்ளம் தோண்டும்போது 50 அடியையும் ஒரே நாளில் திறந்து போடாதீர்கள். காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழம் குறைவு. பக்கத்தில் தோண்டினால் சாயும். சந்தின் நடுவில் ஒன்றரை அடி அகலம், இருபுறமும் முக்கால் அடி மண் விட்டு, 10 அடி, 10 அடியாகத் தோண்டி, குழாய் போட்டு, மூடிக்கொண்டே வாருங்கள். வேலை தெருப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கொல்லையை நோக்கிப் போக வேண்டும். குழாயின் அகன்ற வாய் மேட்டுப் பக்கம் பார்க்கும். கடைசி நாள்வரை செப்டிக் டேங்க் இணைப்பு அப்படியே இருக்கும். அதனால் வீட்டில் ஒருநாள்தான் கழிவறை இருக்காது.

மூடுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒரு சேம்பரில் டார்ச்சும் அடுத்ததில் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் குழாயின் முழு வட்டம் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் நடுவில் தொய்வு. அடுத்தது கீழ்வாயை அடைத்து நீர் நிரப்பி அரை மணி நேரம் விடுவது. பசை காய ஒரு நாள் கழித்துச் செய்யுங்கள். மட்டம் இறங்கக் கூடாது. சந்தில் 10 அடி, 10 அடியாக மூடிக்கொண்டு வந்தாலும் இணைப்புகளை மட்டும் இந்தச் சோதனைவரை திறந்தே வையுங்கள்.

பழைய ஸ்டோன்வேர் குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சும்மா விடவும் கூடாது. எலிக்கு அது ராஜபாட்டை. மேல்வாயிலிருந்து தண்ணீரான சிமெண்ட்–மணல் கலவையை ஊற்றி நிரப்பி, இருபக்கமும் கான்கிரீட் வைத்து அடைத்துவிடுங்கள். உள்வாங்கிய இடத்தில் மட்டும் மொசைக்கைப் பெயர்த்து, அரை அடி அரை அடியாக மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, மேலே 4 அங்குலம் 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட் 1, மணல் 4, ஜல்லி 8). அதே நிற மொசைக் கிடைக்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? ‘எல்லாம் ஒரே பி.வி.சி.தான்’ என்கிறார் பிளம்பர்.
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரே பி.வி.சி. இல்லை. வீட்டுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (மலக் கழிவு, கழிவுநீர், மழைநீருக்கானது), ஐ.எஸ். 13592 முத்திரையோடு. அதில் ஏ, பி என்று இரண்டு வகை. ஏ வகை மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும், 110 மி.மீ. குழாயில் சுவர்த் தடிமன் 2.2 மி.மீ.தான். மலக் கழிவுக்கு பி வகை. அதே 110-ல் தடிமன் 3.2 மி.மீ. விலை குறைவு என்று ஏ வகையைப் புதைத்துவிட்டால், மேலே மண் இறுகும்போது முட்டை வடிவமாகிவிடும். மண்ணுக்குள் போகும் நீண்ட ஓட்டத்துக்கு ஐ.எஸ். 15328 குழாய் இன்னும் நல்லது, எஸ்.என். 4 அல்லது எஸ்.என். 8 என்று கேளுங்கள். எஸ்.என். என்பது குழாய் நசுங்காமல் தாங்கும் விறைப்பின் அளவு. கார் ஏறும் இடத்தில் 8.

மேலே தாம்பரம் வாசகிக்குச் சொன்ன 65 அடி வேலைக்கு 6 மீட்டர் நீளமுள்ள 160 மி.மீ. குழாய் 4 வாங்கலாம். 20 மீட்டர் போக மீதி, வெட்டுச் சேதத்துக்கு. சேம்பர் மூடி 3, எஃப்.ஆர்.பி. (இழை கலந்த பிளாஸ்டிக்) மூடி என்றால் ஒருவரே தூக்கலாம், துருவும் ஏறாது. குழாய்க்கு அடியில் 10 செ.மீ., மேலே 15 செ.மீ. கல் இல்லாத மணல் சுற்ற வேண்டும். ஒன்றரை அடி அகலப் பள்ளத்தில் 65 அடிக்கு சுமார் 115 கன அடி. ஒன்றேகால் யூனிட் சொல்லிவிடுங்கள். தோண்டிய மண்ணில் கிடக்கும் செங்கல் துண்டும் கல்லும் குழாயைத் தொட்டுக்கொண்டு இருந்தால், அந்த ஒரு புள்ளியில்தான் விரிசல் தொடங்கும்.

90 டிகிரி பெண்டைப் படுக்கைவாட்டில் போடக் கூடாது. 45 டிகிரி பெண்ட் இரண்டு போடுங்கள். கிளைக் குழாய் சேரும் இடத்தில் டீ வேண்டாம், ஒய். அதுவும் டோர் உள்ளதாக. ரப்பர் ரிங் இணைப்பில் குழாயை முழுக்க உள்ளே தள்ளி, 10 மி.மீ. வெளியே இழுத்து விட வேண்டும், வெயிலில் நீள இடம் வேண்டுமே. ரிங்கில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் கெடும். அதற்கென்று உள்ள லூப்ரிகண்ட் மட்டும். பசை இணைப்பில் இரு பக்கமும் துடைத்துப் பூசி, உள்ளே செலுத்திக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

காற்றுக் குழாயை மறந்துவிடுவார்கள். கொல்லைச் சேம்பரிலிருந்து, அதாவது ஓட்டத்தின் மேல்முனையிலிருந்து, 75 மி.மீ. குழாயை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் 2 அடி ஏற்றி, தலையில் கவுல் (காற்றுக் குழாய்த் தொப்பி) மாட்டுங்கள். மாடியில் ஆள் நடமாட்டம் உண்டென்றால் தலைக்கு மேல் போகும் உயரம் வேண்டும். இது இல்லாத வீட்டில் ஒரு கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இன்னொன்றில் குபுகுபுவென்று சத்தம் வரும், ட்ராப்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு நாற்றம்.

கேள்வி: கனமழை பெய்தால் தெருச் சாக்கடை நீர் எங்கள் கீழ்த்தளக் கழிவறை வழியே மேலேறி வருகிறது. குழாயை மாற்றினால் நிற்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: குழாயை மட்டும் மாற்றினால் நிற்காது. தெரு மேன்ஹோல் மூடியின் மட்டம் உங்கள் கழிவறைத் தரையைவிட உயரத்தில் இருக்கும். தெருவில் குழாய் நிரம்பினால் தண்ணீர் அந்த மூடி வரை ஏற வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் கோப்பை வழியாக வந்துவிடும். மேன்ஹோல் மூடி, கழிவறைத் தரை இரண்டின் மட்டத்தையும் டியூப் லெவலில் அளந்தால் எவ்வளவு ஏறும் என்பது தெரிந்துவிடும்.

ஒரு வழி வால்வு வைக்கலாம். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கேட் அருகே மொத்தக் குழாயிலும் வைத்தால், மழை நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளும். மாடியில் ஒருவர் குளித்தாலும் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கீழ்த்தளத்தில்தான் பொங்கும். அது உங்கள் வீட்டுத் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். கீழ்த்தளத்துக்குத் தனிக் குழாய், மாடிக்குத் தனிக் குழாய் என்று பிரித்து, கீழ்த்தளக் குழாயில் மட்டும் வால்வு. மாடிக் குழாய் வால்வைத் தாண்டியுள்ள சேம்பரில் சேரட்டும். வால்வு திறந்து பார்க்கும்படியாக ஒரு சேம்பருக்குள் இருக்க வேண்டும். அதன் நாக்கில் துணியோ முடியோ சிக்கினால் மூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், திறந்து கழுவுங்கள்.

மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாராவது கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தாலே அந்தக் குழாய் மழைக்குத் தாங்காது. உங்கள் வீட்டில் இருந்தால் பிரித்து மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். முற்றத்துக் கல்லி ட்ராப்பின் வாய் வெளித் தரையைவிட உயரமாகவும், வீட்டுத் தரையைவிட அரை அடி தாழ்வாகவும் இருக்கட்டும். மீறிப் பொங்கினாலும் வெளியே பொங்கும்.

கேள்வி: அடுக்குமாடியில் முதல் தளம். குளியலறை தாழ்தளத்தில் (குழாய்க்காகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாபில்) புதைந்த வார்ப்பிரும்புக் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைகிறது. ஸ்லாபைத் துளைத்துக் கீழே தொங்கவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: கீழ்வீட்டார் சம்மதித்து, சங்கத்தில் எழுத்தில் வாங்கினால் செய்யலாம். கட்டட வரைபடத்தில் பீம் எங்கே என்று பார்த்து, கம்பி காட்டும் கருவியால் கம்பியைக் குறித்த பிறகு கோர் கட்டிங் மட்டும். சுத்தியல் டிரில் வேண்டாம். அதிர்வில் பழைய ஸ்லாபின் அடிப்பூச்சு உதிரும். பீமிலும், தூணை ஒட்டியும் துளை கூடவே கூடாது.

கீழ்வீட்டார் ஒத்துக்கொள்ளாவிட்டால், நிரப்பியிருக்கும் செங்கல் சல்லியை முழுக்க வாரிவிட்டுப் புதுக் குழாயைத் தாழ்தளத்துக்குள்ளேயே போட்டு ஷாஃப்டுக்கு (குழாய்கள் இறங்கும் திறந்த இடைவெளிக்கு) கொண்டுபோகலாம். நீர்க்கசிவுத் தடுப்பு ஸ்லாபின் மேல் ஒரு முறை, நிரப்பிய பிறகு டைல்ஸுக்கு அடியில் ஒரு முறை. முதல் பூச்சு முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிக் கீழ்வீட்டாரையே கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்தளத்தின் அடியிலிருந்து ஷாஃப்டுக்குள் சிறிய வடிகுழாய் ஒன்று விட்டுவைத்தால், பின்னால் எப்போதாவது கசிந்தால் அங்கே சொட்டும், கூரையில் ஊறாது.

கேள்வி: பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்துவிட்டது. பழைய செப்டிக் டேங்கை மண் போட்டு மூடிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உள்ளே இருப்பதை எடுக்காமல் மூடக் கூடாது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்; 14420 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இறக்கிவிட்டவருக்குத் தண்டனை உண்டு. காலி டேங்கிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். ‘இரண்டு நாள் திறந்து வைத்தாச்சு’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

லாரி எடுத்த பிறகு தண்ணீர் அடித்து மறுபடி உறிஞ்சி, சுண்ணாம்பு தூவுங்கள். மேல்மூடிப் பலகைகளை அகற்றி, வெளியிலிருந்தே நீண்ட கடப்பாரையால் அடித்தளத்தில் இரண்டு மூன்று துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே நீர் தேங்கி, நிரப்பியது சேறாகிவிடும். பிறகு மணல் அல்லது கிராவல், அடி அடியாகத் தண்ணீர் விட்டு. வீடு உடைத்த கப்பியை மட்டும் கொட்டினால் இடுக்கு விழுந்து, இரண்டு மழையில் குழியாகும். வருகிற, போகிற குழாய் வாய்கள் இரண்டையும் நிரப்புவதற்கு முன்னால் கான்கிரீட் வைத்து அடையுங்கள். மழைநீர்த் தொட்டியாக மாற்றலாமா என்று கேட்பார்கள். கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.